முந்திரிக் காட்டில் மரங்களின் போட்டியைக் கண்டறிந்து குறைப்பது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் சாய்த்த முந்திரிக் காடுகள் பல, பண்ருட்டிச் செம்மண்ணில் புதிதாக நடப்பட்டன. ஒரே வயதுள்ள மரங்கள் ஒரே உயரத்தில் வெளிச்சத்தையும் ஒரே ஆழத்தில் நீரையும் தேடுவதால், இத்தகைய காடுகளில் போட்டி கடுமையாக இருக்கும். பசுமை குறையாது, கொட்டையை எடைபோடும்போதுதான் குறை தெரியும்.

போட்டியைக் கண்டறியத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. வெயில்படும் வெளிக்கிளைகளின் நுனியில்தான் முந்திரி பூங்கொத்து விடும் என்பதால், ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, கிளைகள் பின்னிக்கொண்டு பூக்காத பக்கங்களைச் சுண்ணாம்பால் குறித்து வைக்க வேண்டும். அடிக்கிளைகள் காய்ந்து, தண்டு பருக்காமல் உயரம் மட்டும் கூடிய மரங்களையும் குறிக்க வேண்டும். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதன் விளிம்பிலுள்ள, நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு, நிழல் விழுமுன்பே அண்டை மரத்தை உணர்ந்துகொள்ளும் மரம், பருப்பதைக் குறைத்து உயரத் தொடங்குகிறது. மண்ணுக்குள் போட்டி இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும், ஏனெனில் பக்கவேர்கள் கிளைப்பரப்பைத் தாண்டி ஓடுபவை.

எதை வெட்டுவது? அடித்தண்டில் பிசினும் மரத்தூளும் வழியும், துளைப்பான் என்னும் தண்டைக் குடையும் புழு தாக்கி மீளாத மரங்களை முதலில் அகற்றி, வெட்டிய கட்டைகளைக் காட்டுக்குள் போட்டு வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். அடுத்து, நோஞ்சான் மரங்களை மட்டும் எடுத்துவிட்டு நிறைவடைவது பயனற்றது என்பேன். ஏற்கெனவே தோற்றுவிட்ட மரம் விட்டுக்கொடுக்கும் வெளிச்சம் சொற்பம். சம பலத்துடன் மோதிக்கொள்ளும் இரண்டில் ஒன்றை எடுத்தால்தான் மற்றது விரியும். மனம் வராதுதான். வழக்கமான இடைவெளி 7 மீட்டர். ஹெக்டேருக்கு 500 மரம் வரும்படி 5 மீட்டருக்கு 4 மீட்டர் என அடர்நடவு செய்தவர்கள், கிளைகள் தொட்டுக்கொண்டதும் கவாத்து செய்து கிளைகளை வெட்டிவிடவோ இடையிடையே சில மரங்களை எடுத்துவிடவோ வேண்டும். இதே கடலூர் மாவட்டத்தில் சவுக்கை ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவது, நெருக்கத்தால் கழி நெட்டையாக வளரட்டும் என்பதற்காகவே; முந்திரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அறுவடை முடிந்த ஆனி, ஆடியில் வெட்டலாம். ஒன்றையொன்று மறைத்து நின்ற ஒல்லி மரங்கள் திடீரெனத் தனித்து விடப்பட்டால் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் சாயும். ஆகவே குறித்தவற்றில் பாதியை இவ்வாண்டும், மீதியை, காற்றில் அசைந்து தண்டுகள் சற்றுப் பருத்தபின் அடுத்த ஆண்டும் எடுப்பது நல்லது. நிற்கும் மரங்களில் கிளை வெட்டிய இடங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பான போர்டோ பசை தடவ வேண்டும். வெட்டிய அடிக்கட்டை பழைய வேரின் பலத்தில் மீண்டும் துளிர்க்கும்; துளிர்களை அவ்வப்போது கிள்ளாவிட்டால், நீக்கிய போட்டியாளர் சில ஆண்டுகளில் அதே இடத்தில் கிளை பரப்பிவிடுவார்.