பாமிர் போகிறீர்களா? கிலோமீட்டரை எண்ணித் திட்டம் போடாதீர்கள்

போன மாதம் தம்பிகள் இருவர் தஜிகிஸ்தானின் பாமிர் மலைப் பயணத்துக்குத் திட்டம் எழுதி, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கொண்டுவந்தார்கள். பக்கத்து நாடான கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் தொடங்கி ஆறே நாளில் தஜிகிஸ்தான் தலைநகர் துஷன்பே. முதல் இரவு கராகுல் ஏரிக்கரை ஊரில். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 2018ல் நானே என் கையால் எழுதிய வரி அது.

பாஸ்போர்ட், காப்பீடு, கம்பளிச் சட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பலரும் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தூரத்தைப் பார்த்து உயரத்தை மறப்பது

ஓஷிலிருந்து கராகுல் 300 கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் பார்த்தால் காலையில் கிளம்பி மாலையில் ஏரிக்கரையில் தேநீர் குடிக்கலாம் என்று தோன்றும். குடிக்கலாம்தான். நாங்களும் குடித்தோம். ஆனால் ஓஷ் இருப்பது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில்; கராகுல் 3,900 மீட்டருக்கும் மேலே. ஒரே பகலில் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக ஏறிவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்குகிறோம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், போய் இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். கராகுல் என்றால் கருப்பு ஏரி என்று பொருள். ஆனால் நாங்கள் பார்த்த மாலையில் தண்ணீர் கண் கூசும் நீலமாக இருந்தது. நண்பன் கரையோரம் நடந்து நடந்து படம் எடுத்தான். இரவு ஒரு மணிக்கு மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாந்தி எடுத்தான். கீழே இறங்கிவிடலாம் என்று ஓட்டுநரை எழுப்பினேன். அவர் பொறுமையாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான், எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

கராகுலிலிருந்து நேராக இறங்க வழியே கிடையாது. தெற்கே முர்காப் என்ற ஊர் சுமார் 3,600 மீட்டர். ஆனால் அதற்குப் போக 4,655 மீட்டர் உயர அக்-பைதல் கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். வடக்கே 4,200 மீட்டருக்கு மேலுள்ள கிசில்-ஆர்ட் கணவாய். அது நாட்டு எல்லையும்கூட. இரவில் சாவடி திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. எங்களிடம் இருந்த இரண்டு நாட்டு விசாக்களும் ஒருமுறை நுழைவுக்கானவை, இரண்டையும் அன்றே பயன்படுத்தியாகிவிட்டது. நோயாளியை இறக்க வேண்டுமானால் முதலில் ஏற்ற வேண்டும். விடியும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடக்கும்போது தள்ளாடுகிறானா, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் உயிராபத்து. அப்போது விடியலுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

நல்லவேளை, இரண்டும் வரவில்லை. காலையில் அக்-பைதலைக் கடந்து, முர்காபில் நிற்காமல், 2,100 மீட்டர் அளவிலிருக்கும் கோரோக் நகரம் வரை போனோம். அங்கேதான் அவன் ஒரு வாய் சாப்பிட்டான். வண்டிக்குக் கூடுதல் பணம் போனது. வழியில் பார்க்கத் திட்டமிட்டிருந்த வாகான் பள்ளத்தாக்கு மொத்தமும் போனது. இன்றுவரை அவன் அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் யாராவது “முதல் நாள் கராகுல்” என்றால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. இது தலைவிதியால் வந்ததல்ல, காகிதத்தில் எழுதும்போதே தவிர்த்திருக்கலாம்.

சரி, எப்படிப் போவது? துஷன்பேயிலிருந்து தொடங்குங்கள். கோரோக், இஷ்காஷிம், லங்கர் என்று பஞ்ச் ஆற்றை ஒட்டி மெல்ல ஏறும் பாதை அது. அக்கரையில் ஆப்கானிஸ்தான் கிராமங்கள் கூடவே வரும். லங்கரில் இரண்டு இரவு தங்கி, பிறகு அலிச்சூர் வழியாக முர்காப், கடைசியாகக் கராகுல். பத்து நாளாவது வேண்டும். ஓஷிலிருந்துதான் தொடங்க முடியும் என்றால், வழியில் கிர்கிஸ் பக்கத்திலேயே உள்ள சாரி-தாஷ் கிராமத்தில் இரண்டு இரவு தங்குங்கள். அது சுமார் 3,170 மீட்டர். வானம் தெளிந்தால் எதிரே 7,134 மீட்டர் லெனின் சிகரம் தெரியும், அதனால் நாள் வீணாகாது. அப்புறம் கராகுலைப் பகலில் பார்த்துவிட்டு முர்காபில் தூங்குங்கள்.

மாத்திரை இருக்கிறதே என்பார்கள். அசிட்டசோலமைடு உடல் பழகுவதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். மெல்ல ஏறிப் பழகுவதற்கு அது மாற்று ஆகாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எல்லை திறந்தேயிருக்கும் என்று நம்புவது

2021 மோதலுக்குப் பின் மூடிய தஜிக்-கிர்கிஸ் எல்லை, 2025 மார்ச்சில்தான் மறுபடி திறக்கத் தொடங்கியது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் நீங்கள் கடக்கப்போகும் சாவடியின் நிலையை விசாரியுங்கள்.

படக்ஷான் அனுமதியை மறப்பது

இந்தப் பாதையில் தஜிகிஸ்தான் பக்கத்துப் பாமிர் கோர்னோ-படக்ஷான் தன்னாட்சி மாகாணத்துக்குள் வருகிறது. விசா மட்டும் போதாது, தனி அனுமதி வேண்டும். இ-விசா விண்ணப்பத்திலேயே அதையும் சேர்த்துக் கேட்கலாம். வந்த தாளில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து நகல் கையில் இருக்கட்டும்.

ஏடிஎம்

கோரோக்கைத் தாண்டினால் நம்பாதீர்கள். தஜிகிஸ்தான் பணமான சோமோனியைச் சில்லறையாகக் கொண்டுபோங்கள்.

எந்த மணி என்று கேட்காதது

முர்காபில் கிர்கிஸ் மக்கள் அதிகம். பலர் துஷன்பே நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகக் கடிகாரம் வைத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்கு வண்டி என்றால், யார் கடிகாரத்தில் ஏழு என்று கேளுங்கள்.

எல்லைச் சாவடியைப் படம் எடுப்பது

வேண்டாம்.

சைவம் என்பதைச் சாப்பாடு வந்த பிறகு சொல்வது

அந்த உயரத்தில் காய்கறி விளைவது அரிது. வீடுகளில் தங்கும்போது போனவுடனே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கோ முட்டையோ செய்து தருவார்கள். காலையில் பால், உப்பு, வெண்ணெய் போட்ட ஷிர்சாய் என்ற தேநீர் வரும், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் பிடித்துவிட்டது. அந்த ரொட்டியைக் கவிழ்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எழுந்து வந்து நிமிர்த்தி வைப்பார்கள்.