பூட்டிய கதவும் மாலை வெயிலும்: பிரான்சின் ரூவெர்க் சீமையில் பழைய தேவாலயங்களைப் பார்க்கும் முறை

பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு சிற்றூருக்குள் நுழைந்து, எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள தேவாலயத்தின் கதவைத் தள்ளிப் பார்த்து, அது பூட்டியிருக்கக் கண்டு, வெளிப்புறத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட பங்குத் தேவாலயங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று அந்தந்த ஊராட்சியின் சொத்தாக இருக்கின்றன. அவற்றை வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கத்தோலிக்கத் திருச்சபைக்கு உண்டு. கூரை ஒழுகினால் முதலில் கவலைப்பட வேண்டியவர் பங்குத்தந்தை அல்ல, ஊர்த் தலைவர். ஆகவே சாவியும் பல ஊர்களில் அவருடைய அலுவலகத்தில்தான், அதாவது 'மேரி' என்று எழுதிய கட்டடத்தில்தான் இருக்கும். இல்லையென்றால் எதிர்வீட்டிலோ பக்கத்துக் காப்பிக் கடையிலோ கொடுத்து வைத்திருப்பார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்ற விவரத்தைக் கதவிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பதும் உண்டு. அந்தத் தாளைப் படிப்பதுதான் முதல் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிற்றூர்களின் மேரி எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. வாரத்தில் சில நாள் காலையில் மட்டும் இயங்கும் அலுவலகங்களும் உண்டு. எனக்குச் சாவி கிடைக்காமல் போனது ஒரே ஒரு முறைதான். நண்பகல் கழிந்து பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததே காரணம். கதவைச் சாத்திவிட்டு அலுவலர் சாப்பிடப் போய்விட்டார், மறுநாள்தான் வருவார் என்று எதிரில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி சொன்னார். அன்றிலிருந்து முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துவிடுகிறேன். சாவி கேட்கப் போகும்போது நேரடியாக விஷயத்தைத் தொடங்கக் கூடாது. முதலில் 'போன்ழூர்' சொல்லி, பதிலுக்கு அவர்கள் சொல்லும் போன்ழூரை வாங்கிக்கொண்ட பிறகே கேட்க வேண்டும். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல பிரெஞ்சு பேசினாலும் முகம் இறுகிவிடும்.

எந்தப் பகுதிக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ரூவெர்க். தெற்கு பிரான்சில், ஏறத்தாழ இன்றைய அவேரோன் மாவட்டத்துக்குப் பொருந்தும் பழைய சீமை அது. லோ, அவேரோன் என்ற இரண்டு ஆறுகளும் அவற்றின் கிளைகளும் பீடபூமியை ஆழமாக அறுத்துச் செல்வதால், ஊர்கள் மலைமுகட்டிலோ பள்ளத்தாக்கின் சரிவிலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேர்பெற்ற கோட்டைநகரங்களில் நெரியும் கூட்டம் இங்கே குறைவு. மே, ஜூன், செப்டம்பர் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் விடுதிகளில் பாதி மூடிக் கிடக்கும். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் போக முடிந்தால் இன்னும் நல்லது. 1984-இல் தொடங்கிய மரபுச் சின்ன நாட்கள் அப்போதுதான் வருகின்றன, வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் இடங்கள் பலவும் அந்த இரண்டு நாளில் திறக்கப்படும்.

தூலூஸ் நகரிலிருந்து புறப்படும் வட்டார ரயில் ஒன்று நஜாக், வில்ஃப்ரான்ஷ்-த-ரூவெர்க், கப்தனாக் வழியாக ஃபிஜாக் வரை போகிறது; கார் ஓட்டத் தெரியாதவர்களும் இந்தப் பாதையை வைத்துக்கொண்டு மூன்று நல்ல ஊர்களைப் பார்த்துவிடலாம். ஆனால் இந்தப் பயணத்தின் முக்கிய ஊரான கோங்க்குக்கு ரயில் இல்லை, பேருந்தை நம்பித் திட்டம் போடுவதும் கடினம் என்பதால், இரண்டு நாளுக்காவது வாடகைக் கார் எடுப்பது நல்லது. நாட்டுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். பல மாவட்டங்களில் சில சாலைகளுக்கு 90 என்று மாற்றியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டிய கணத்திலிருந்து, வேறு பலகை இல்லாவிட்டாலும், 50. குறியீடு ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை மறந்தால், டிராக்டர் ஓட்டி வருபவர் நினைவூட்டுவார். பழைய ஊர்களுக்குள் காரை ஓட்டிச் செல்ல முயல வேண்டாம். வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

தங்குமிடமாக ஃபிஜாக் வசதியானது. எகிப்திய எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர் அது. மணற்கல் வீடுகளின் உச்சியில், தானியமும் தோலும் உலர்த்துவதற்காக விட்ட திறந்த மாடங்களை இன்றும் பார்க்கலாம். அங்கிருந்து ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் போகாதீர்கள். ஒரே நாளில் ஆறு தேவாலயம் பார்த்தவருக்கு மறுநாள் எந்தச் சிற்பம் எந்த ஊரில் இருந்தது என்பதே நினைவிருக்காது.

ஒரு தேவாலயத்தைப் பார்க்கும் வரிசை முக்கியம். பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்கிலும் தலைவாயில் மேற்கிலும் இருப்பது பொது வழக்கம். அதனால் வாயிலின் மேலுள்ள அரைவட்டச் சிற்பப் பலகை காலையில் நிழலில் மங்கிக் கிடந்து, பிற்பகலில்தான் வெயில் வாங்கும். பீடத்தின் பின்னால் வளையும் கிழக்குப் புறமோ காலையில் அழகாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால், இரண்டு ஊர்களில் எதைக் காலையில் வைப்பது, எதை மாலையில் வைப்பது என்ற குழப்பம் தீர்ந்துவிடும். உள்ளே நுழைவதற்கு முன் ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வளைவுகள் அரைவட்டமாகவும் சுவர்கள் தடிப்பாகவும் சன்னல்கள் சிறிதாகவும் இருந்தால் அது ரோமானெஸ்க், அதாவது பெரும்பாலும் 11, 12-ஆம் நூற்றாண்டு. வளைவு கூர்ந்து மேலே போனால் கோதிக். பல ஊர்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கல்லின் நிறம் மாறும் இடத்தில் அந்த ஒட்டு தெரியும். கையில் சிறிய இருகண் நோக்கி ஒன்று இருந்தால் நல்லது, ஏனென்றால் தூண்களின் போதிகைகளில் செதுக்கிய உருவங்கள் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருக்கின்றன. சில தேவாலயங்களில் சுவரோரம் ஒரு சிறு பெட்டி இருக்கும். காசு போட்டால் சில நிமிடங்களுக்கு விளக்கு எரியும். எனவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தின் மையம் கோங்க். அஜான் நகரில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக இறந்த புனித ஃபுவா என்ற சிறுமியின் திருப்பண்டங்களை, அதாவது அவளுடைய உடலின் எச்சங்களை, கோங்க் மடத்தின் துறவி ஒருவர் அஜானிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி நம்பிக்கையைப் பெற்று, 866 வாக்கில் களவாடிக்கொண்டு வந்தார் என்பது மரபு. இந்தக் களவை இன்று வரை யாரும் மறைப்பதில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள். திருப்பண்டங்கள் வந்ததும் திருப்பயணிகள் வந்தார்கள். ல புய் நகரிலிருந்து ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ என்ற திருத்தலத்தை நோக்கிச் செல்லும் நடைவழியில் கோங்க் ஒரு முக்கியத் தங்கலாயிற்று. துறவிகளின் வழிபாட்டைக் கலைக்காமல் கூட்டம் பீடத்தைச் சுற்றிச் செல்வதற்காகவே, 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்தத் தேவாலயத்தில் பீடத்தின் பின்னால் ஒரு சுற்றுப்பாதை விட்டிருக்கிறார்கள்.

வாயிலின் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய அந்தப் பலகையில் 124 உருவங்கள் இருக்கின்றன. நீலமும் சிவப்புமாகப் பூசிய வண்ணத்தின் தடயங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நடுவில் கிறிஸ்து அமர்ந்து வலக்கையை உயர்த்தி இடக்கையைத் தாழ்த்தியிருக்கிறார். அந்த இரண்டு கைகளைப் பின்பற்றினாலே பலகை முழுவதும் படிக்கக் கிடைத்துவிடும்: நம் இடப்புறம் விண்ணகம், வலப்புறம் நரகம். விண்ணகத்தின் பக்கம் வரிசையும் அமைதியும் உண்டு. சொன்னால் தவறில்லை, கொஞ்சம் சலிப்பும் உண்டு. சிற்பிக்கு நரகத்தில்தான் கை ஓடியிருக்கிறது. குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கருமி, வேட்டையாடியவனையே கழியில் கட்டி வாட்டும் முயல் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஆன்மாக்களை நிறுக்கும் தராசில், தன் பக்கத் தட்டை விரலால் அழுத்தி ஏமாற்றப் பார்க்கும் பேயையும் விட்டுவிடாதீர்கள். இடப்புறத்தில் மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கை, தரையில் பணிந்து கிடக்கும் ஃபுவாவை நோக்கி வருகிறது. அவள் பின்னால் தொங்கும் விலங்குகள், அவளை வேண்டிச் சிறையிலிருந்து விடுபட்டவர்கள் காணிக்கையாக மாட்டியவை. கடைசியாக வெளி வளைவைப் பாருங்கள்: கல்லில் சுருட்டிய நாடாவை விரல்களால் பிடித்துக்கொண்டு, மூக்குவரை மட்டும் தலை நீட்டி எட்டிப் பார்க்கும் 14 சிறு முகங்கள் தெரியும். எல்லாம் முடிந்தபின் அடிவிளிம்பிலுள்ள இலத்தீன் வரிக்கு வாருங்கள். பாவிகளே, உங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுமையான தீர்ப்பு வரும் என்று அறிந்துகொள்ளுங்கள் என்கிறது அது.

உள்ளே 22 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் வண்ணக் கண்ணாடியைத் தேடினால் ஏமாற்றமே. ரோதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் அமைத்து 1994-இல் நிறைவேறிய 104 சன்னல்களிலும் உருவமோ நிறமோ இல்லை. ஒளியைக் கசிய விடும் வெண்மங்கல் கண்ணாடியும் அதில் ஓடும் கரிய ஈயக் கோடுகளும் மட்டுமே. பழைய கட்டடத்தில் இப்படியா என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். நானும் முதல் நாள் காலையில் பார்த்தபோது ஒன்றும் தோன்றாமல்தான் வெளியே வந்தேன். மாலையில் மறுபடி போனபோது மேற்குச் சன்னல்கள் மெல்லிய ஆரஞ்சு நிறத்திலும் வடக்குச் சன்னல்கள் நீலமாகவும் நின்றன. ஆகவே இருமுறை நுழையுங்கள், இரவு அங்கேயே தங்குங்கள். பகல் வண்டிகள் போனபின் ஊர் அடங்கிவிடும். பருவகாலத்தில் இரவு வழிபாட்டுக்குப் பின் துறவி ஒருவர் வாயிலில் நின்று சிற்பத்தை பிரெஞ்சில் விளக்குவார், பிறகு உள்ளே ஆர்கன் வாசிப்பு நடக்கும். பக்கத்துக் கருவூலத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மரத்தின் மேல் பொன் தகடு போர்த்திய ஃபுவாவின் சிலை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிறுமியின் உடலுக்கு வாய்த்திருப்பது பிற்கால உரோமானிய ஆண் தலை ஒன்று. புரட்சிக் காலத்தில் ஊர்மக்கள் இந்தக் கருவூலத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

கோங்க் மடம் வளர்த்த ஊர் என்றால், வில்ஃப்ரான்ஷ்-த-ரூவெர்க் ஆட்சியாளர் கோடு போட்டுக் கட்டிய ஊர். 1252-இல் அல்ஃபோன்ஸ் த புவாத்தியே நிறுவிய இந்த வகைப் புதுநகரத்துக்கு 'பஸ்தீத்' என்று பெயர்: குறுக்கும் நெடுக்குமாக நேர்த்தெருக்கள், நடுவில் சந்தைச் சதுக்கம், சதுக்கத்தைச் சுற்றி வளைவுக் கூடம். இங்கே வியாழக்கிழமை காலையில் வாருங்கள், அன்றுதான் சந்தை. வாத்து ஈரல், பாலாடைக்கட்டி, காளான் என்று கடைகள் நெருங்கி நிற்க, தேவாலயத்தின் கோபுரம் தெருவின் மேலேயே கால் விரித்து நிற்கும். உள்ளே 15-ஆம் நூற்றாண்டில் ஆந்த்ரே சுல்பீஸ் செதுக்கிய மர இருக்கைகளின் அடிப்புறத்தைக் குனிந்து பாருங்கள். மேலே புனிதர்களைச் செதுக்கியவர் கீழே குறும்பையும் செதுக்கியிருக்கிறார்.

நஜாக் நிலையத்தில் இறங்கினால் ஊர் தலைக்கு மேலே இருக்கும், ஏற மூச்சு வாங்கும். ஒரே முகடு, அதன் மேல் ஒரே தெரு, உச்சியில் கோட்டை. கீழே நிற்கும் புனித யோவான் தேவாலயத்தின் வெறுமைக்குக் காரணம் உண்டு: திருச்சபை புறச்சமயம் என்று ஒதுக்கிய 'கத்தார்' (Cathar) என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காக, 13-ஆம் நூற்றாண்டில் சமய விசாரணை மன்றம் ஊர்மக்களையே தங்கள் செலவில் கட்டச் சொன்னது.

சாப்பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நண்பகல் 12 முதல் 2 வரைதான் சமையலறை இயங்கும்; இரண்டரைக்குப் போய் நின்றால் காப்பி மட்டுமே கிடைக்கும். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் ஞாயிறு காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரக்கறி உண்பவர்களுக்கு இந்தச் சீமை எளிதன்று, ஆனால் அலிகோ இருக்கிறது: மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்குக் கயிறாக இழுபடும்வரை கிளறுவது. வழக்கமாக இறைச்சிக் குழலோடு வரும், அது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு திருப்பலிக்குப் போக விரும்புகிறவர்கள் கதவில் ஒட்டிய அட்டவணையைப் பாருங்கள். ஒரே பங்குத்தந்தை பல ஊர்களைக் கவனிப்பதால் திருப்பலி வாரத்துக்கு ஓர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கும். வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது, பின்வரிசையில் உட்காரலாம். சாவி வாங்கித் திறந்த தேவாலயத்தில், உள்ளே இருக்கும்போதும் கதவைச் சாத்தியே வையுங்கள், இல்லையென்றால் குருவிகள் புகுந்துவிடும்.

கோங்கை விட்டுப் புறப்படும் காலையில் ஒரு வேலை மீதி இருக்கிறது. துர்து ஆற்றின் மேலுள்ள பழைய பாலத்தைத் தாண்டி, திருப்பயணிகள் மேற்கே ஏறும் செங்குத்தான பாதையில் எதிர்மலையிலுள்ள சிறு சிற்றாலயம் வரை நடங்கள். நல்ல காலணி வேண்டும், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். அங்கே திரும்பி நின்றால், பலகைக்கல் கூரைகளுக்கு நடுவே தேவாலயத்தின் மூன்று கோபுரங்களும் எதிரே தெரியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வருபவர்கள் அநேகமாக எல்லோரும் அந்த இடத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள்.