சேவ் செய்ததும் நிரல் உருமாறுகிறதா? விஎஸ் கோடில் தவறான இடத்தில் தேடாதீர்கள்

ஒற்றை மேற்கோளில் எழுதியது சேவ் செய்ததும் இரட்டை மேற்கோளாகிவிடுகிறது. ஒரே வரியில் இருந்த அரே எட்டு வரியாக உடைகிறது. இரண்டு வரி திருத்தியதற்கு, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. உடனே பெரும்பாலோர் செட்டிங்ஸுக்குப் போய் 'ஃபார்மட் ஆன் சேவ்' (சேவ் செய்யும்போதே நிரலை ஒழுங்குபடுத்தும் வசதி) டிக்கை எடுக்கப் பார்ப்பார்கள். அங்கே டிக்கே இருக்காது. விஎஸ் கோட் எடிட்டரில் அந்த வசதி இயல்பாக அணைந்த நிலையில்தான் வருகிறது. பிறகு யார் மாற்றுகிறார்கள் என்று புரியாமல் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்குவார்கள். தேவையே இல்லை.

எந்த நொடியில் மாறுகிறது என்று கவனிக்காமல் தேடுவது

முதலில் பார்க்க வேண்டியது எப்போது மாறுகிறது என்பதுதான். என்டர் தட்டும்போதோ அரைப்புள்ளி போடும்போதோ மாறினால் 'ஃபார்மட் ஆன் டைப்'. ஒட்டும்போது மாறினால் 'ஃபார்மட் ஆன் பேஸ்ட்'. சேவ் செய்யும்போது என்றால் அதற்குக் காரணங்கள் பல, கீழே வருகின்றன. சேவ் ஆனபின் சரியாக இருந்து, கமிட் செய்ததும் (கிட்டில் மாற்றத்தைப் பதிந்ததும்) மாறினால் எடிட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைச் சோதிக்க ஒரு நல்ல கட்டளை இருக்கிறது: 'சேவ் வித்தவுட் ஃபார்மட்டிங்'. கமாண்ட் பேலட்டில் (கட்டளைகளைத் தேடும் பெட்டி) தேடினால் கிடைக்கும். விண்டோஸில் கண்ட்ரோல்+கே அழுத்திவிட்டு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ். பெயரில் ஃபார்மட்டிங் என்று மட்டும் இருந்தாலும், சேவ் நேரத்தில் ஓடும் எல்லா வேலைகளையும் இது தவிர்த்துவிடும். இப்படிச் சேவ் செய்தால் நிரல் அப்படியே நிற்கிறது என்றால், குற்றவாளி சேவ் நேரத்து வேலைகளில் ஒன்று என்பது உறுதி.

தட்டச்சு நேரத்து மாற்றங்களில் ஒரு எச்சரிக்கை. உள்தள்ளல் தானாக நகர்வதும் அடைப்புக்குறி தானாக மூடுவதும் ஃபார்மட்டரின் (நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் கருவியின்) வேலை அல்ல. உள்தள்ளலுக்கு 'ஆட்டோ இன்டென்ட்' என்ற தனி அமைப்பு; அதன் இயல்பு மதிப்பு 'ஃபுல்'. 'கீப்' என்று மாற்றினால் முந்தைய வரியின் உள்தள்ளலை மட்டும் பின்பற்றும். 'டேப் சைஸ் 4 என்று வைத்தேன், 2தான் வருகிறது' என்ற புகாருக்கு இன்னொரு காரணம்: 'டிடெக்ட் இன்டென்டேஷன்' இயல்பாகவே இயங்குவதால், கோப்பைத் திறக்கும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் உள்தள்ளலைப் பார்த்து உங்கள் எண்ணை அது ஒதுக்கிவிடுகிறது.

யூசர் செட்டிங்ஸை மட்டும் பார்ப்பது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விஎஸ் கோட் அமைப்புகளை அடுக்கடுக்காகப் படிக்கிறது: இயல்பு மதிப்பு, அதன்மேல் யூசர், அதன்மேல் ரிமோட், அதன்மேல் வொர்க்ஸ்பேஸ், கடைசியாக வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டர். மேலடுக்கில் இருப்பதுதான் செல்லும். புராஜெக்ட்டின் டாட் விஎஸ்கோட் ஃபோல்டரில் ஒரு செட்டிங்ஸ் கோப்பு இருந்து, அதில் ஃபார்மட் ஆன் சேவ் இயக்கப்பட்டிருந்தால், யூசர் செட்டிங்ஸில் நீங்கள் அணைத்ததற்கு மதிப்பில்லை.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதது அடுத்த விதி: ஒரு மொழிக்கென்று தனியாக எழுதிய அமைப்பு, பொதுவாக எழுதிய அமைப்பை எப்போதும் வெல்லும், பொதுவானது மேலடுக்கில் இருந்தாலும் சரி. யூசர் செட்டிங்ஸில் சதுர அடைப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்று போட்டு அதற்குள் ஃபார்மட் ஆன் சேவ் இயக்கியிருந்தால், வொர்க்ஸ்பேஸில் பொதுவாக அணைத்தும் பயனில்லை. அந்த மொழித் தொகுதிக்குள்ளேயே போய்த்தான் அணைக்க வேண்டும்.

மொழித் தொகுதியை நீங்கள் எழுதியிருக்க வேண்டும் என்றும் இல்லை. எக்ஸ்டென்ஷன்களே கொண்டுவரும். கோ மொழிக்கான எக்ஸ்டென்ஷன் அந்த மொழிக்கு மட்டும் சேவ் நேர ஃபார்மட்டையும் இம்போர்ட் ஒழுங்குபடுத்தலையும் தானே இயக்கிவிடுகிறது. அதனால்தான் பொது டிக் காலியாக இருந்தும் கோ கோப்புகள் மட்டும் மாறுகின்றன. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் அட் குறி, லாங், முக்காற்புள்ளி, மொழிப் பெயர் என்று இடைவெளியில்லாமல் தட்டினால் அந்த மொழிக்கு உண்மையில் எது செல்லுபடியாகிறது என்று தெரியும்.

எந்த ஃபோல்டரைத் திறந்தீர்கள் என்பதையும் பாருங்கள். புராஜெக்ட்டின் தாய் ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே இருக்கும் புராஜெக்ட்டின் செட்டிங்ஸ் கோப்பு படிக்கப்படாது. ஒரே கோப்பு ஒருநாள் மாறி ஒருநாள் மாறாமல் போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று ஆட்டோ சேவ். 'ஆஃப்டர் டிலே' என்று வைத்திருந்தால், தானாகச் சேவ் ஆகும்போது ஃபார்மட் ஓடாது. கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் ஓடும். 'ஆன் ஃபோகஸ் சேஞ்ச்' என்றால் வேறு டேப்புக்குத் தாவும்போதே ஓடிவிடும்.

இம்போர்ட் காணாமல் போனதற்கு ஃபார்மட்டரைத் திட்டுவது

ஃபார்மட்டர் இடைவெளி, வரி உடைப்பு, மேற்கோள், கமா ஆகியவற்றைத் தொடும். நிரலின் பொருளைத் தொடாது. மேலே இம்போர்ட் எழுதி, இன்னும் பயன்படுத்தாமல் சேவ் செய்ததும் அந்த வரியே மறைகிறது என்றால், அது 'கோட் ஆக்‌ஷன்ஸ் ஆன் சேவ்' செய்யும் வேலை. அதில் 'ஆர்கனைஸ் இம்போர்ட்ஸ்', 'ஃபிக்ஸ் ஆல்' என்று பதிவுகள் இருக்கும். மதிப்பு 'எக்ஸ்பிளிசிட்' என்றால் நீங்களே சேவ் செய்யும்போது மட்டும் ஓடும். 'ஆல்வேஸ்' என்றால் டேப் மாறி ஆட்டோ சேவ் ஆகும்போதும் ஓடும். 'நெவர்' என்றால் ஓடாது. ஃபார்மட் ஆன் சேவை எத்தனை முறை அணைத்தாலும் இது தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆர்கனைஸ் இம்போர்ட்ஸை சேவோடு கட்டாமல், வேலை முடிந்தபின் ஒருமுறை கையால் ஓட்டுவதே மேல்.

இரண்டு பேரிடம் ஒரே வேலையைக் கொடுப்பது

சேவ் செய்ததும் அரைப்புள்ளிகள் வருகின்றன. வந்தவுடன் அவற்றின் கீழேயே, நிரலில் விதிமீறல்களைத் தேடும் கருவியான ஈஎஸ்லின்ட் சிவப்புக் கோடு போடுகிறது. சேவ் நேரத்தில் கோட் ஆக்‌ஷன்கள் முதலிலும் ஃபார்மட்டர் பிறகும் ஓடுகின்றன. ஈஎஸ்லின்ட் அரைப்புள்ளியை நீக்கும், பின்னால் வரும் பிரிட்டியர் என்ற ஃபார்மட்டர் அதைத் திரும்பப் போடும். எத்தனை முறை சேவ் செய்தாலும் இதுதான் நடக்கும். வடிவம் பற்றிய விதிகளை ஈஎஸ்லின்ட்டில் அணைத்துவிடுங்கள். அதற்கென்றே 'ஈஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரிட்டியர்' என்ற பொதி இருக்கிறது. ஒரே மொழிக்கு இரண்டு ஃபார்மட்டர்கள் இருந்தால், 'ஃபார்மட் டாக்குமென்ட் வித்' கட்டளையைத் திறந்து, அதன் அடியில் உள்ள 'கான்ஃபிகர் டிஃபால்ட் ஃபார்மட்டர்' மூலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஜாங்கோ, ஜின்ஜா டெம்ப்ளேட்கள் (வலைப்பக்கங்களை உருவாக்கும் அச்சுக் கோப்புகள்) சிதைவதும் இந்த வகையே. கோப்பின் பின்னொட்டைப் பார்த்து அதைச் சாதாரண ஹெச்டிஎம்எல் என்று எடுத்துக்கொள்ளும் ஃபார்மட்டருக்கு டெம்ப்ளேட் குறிகள் வெறும் எழுத்து. அடுத்தடுத்த வரிகளில் இருந்தவற்றை ஒரே வரியில் சேர்த்துவிடும். டெம்ப்ளேட் மொழிக்கான எக்ஸ்டென்ஷனை நிறுவி, 'ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ்' அமைப்பில் அந்த ஃபோல்டரின் கோப்புகளை அந்த மொழியோடு இணைத்தால் தீரும்.

பிரிட்டியரின் பதிப்பைப் பார்க்காமல் விடுவது

பிரிட்டியர் எக்ஸ்டென்ஷன் முதலில் புராஜெக்ட்டில் நிறுவியிருக்கும் பிரிட்டியரைத் தேடும். இல்லையென்றால் தன்னோடு வரும் பதிப்பை எடுத்துக்கொள்ளும். குளோன் செய்துவிட்டு என்பிஎம் இன்ஸ்டால் (பொதிகளை நிறுவும் கட்டளை) ஓட்டாமல் ஒரு கோப்பைத் திறந்து சேவ் செய்தால், குழு பதிப்பு 2-இல் இருக்க, உங்கள் கணினி பதிப்பு 3-இன் விதிகளில் எழுதிவிடக்கூடும். 2023-இல் வந்த பதிப்பு 3, கடைசிக் கமாவின் இயல்பை மாற்றியது: ஃபங்ஷன் அளபுருக்களின் முடிவிலும் கமா போடும். டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) முழுக்க ஒற்றைக் கமாக்களாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பிரிட்டியர் அமைப்புக் கோப்பே இல்லாத பழைய புராஜெக்ட்டில் 80 எழுத்து வரியகலம் திணிக்கப்படுவது இன்னொரு தொல்லை. எக்ஸ்டென்ஷன் அமைப்பில் 'ரிக்வயர் கான்ஃபிக்' என்பதை இயக்கினால், அமைப்புக் கோப்பு இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். குழுவின் புராஜெக்ட்டில் உங்கள் ருசிக்காக அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டாம். குறிப்பிட்ட கோப்புகளை பிரிட்டியர் இக்னோர் கோப்பில் சேருங்கள். கையால் அடுக்கிய ஒரு மேட்ரிக்ஸ் மட்டும் கலையக்கூடாது என்றால் அதன் மேல்வரியில் பிரிட்டியர் இக்னோர் என்ற கமென்ட் போதும்.

வெற்றிடங்களை மறப்பது

வரிக்கடைசி இடைவெளியை நீக்குவதும் கோப்பின் முடிவில் புதுவரி சேர்ப்பதும் ஃபார்மட்டர் இல்லாமலே நடக்கும். 'ட்ரிம் ட்ரெய்லிங் வொயிட்ஸ்பேஸ்', 'இன்சர்ட் ஃபைனல் நியூலைன்' என்ற அமைப்புகள் அவை. எடிட்டர்கான்ஃபிக் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதன் கோப்பும் இதைச் சொல்லும். ரூட் என்ற வரி கிடைக்கும்வரை அது மேல் ஃபோல்டர்களிலும் தேடிக்கொண்டே போகும் என்பதால், ஹோம் ஃபோல்டரில் என்றோ போட்டுவைத்த கோப்பு இன்றைய புராஜெக்ட்டை ஆட்டிவைக்கலாம். மார்க்டவுனில் வரிக்கடைசியில் இரண்டு இடைவெளி என்றால் வரி முறிவு என்று பொருள். அந்த மொழிக்கு மட்டுமாவது ட்ரிம்மை அணைத்துவையுங்கள்.

கோப்பின் எல்லா வரிகளும் மாறியதாகத் தெரிந்தும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால், வரிமுடிவுக் குறி விண்டோஸ் முறைக்கும் யூனிக்ஸ் முறைக்கும் இடையே மாறியிருக்கும். விஎஸ் கோட் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் எந்த முறை என்று காட்டும். கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பையும் பாருங்கள்.

கமிட் நேரத்தில் மாறுவதற்குப் பெரும்பாலும் ப்ரீ கமிட் ஹுக்தான் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் நிரல்) காரணம்: ஹஸ்கி, லின்ட் ஸ்டேஜ்டு போன்றவை. அது குழுவின் முடிவு. கமிட்டில் 'நோ வெரிஃபை' சேர்த்துத் தாண்டலாம்; ஆனால் சிஐ (சர்வரில் தானாக ஓடும் சோதனை) அங்கே நிறுத்திவிடும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களைக் கையால் நீக்காதீர்கள். 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' கட்டளை பாதியை அணைத்துவிட்டு 'இப்போதும் வருகிறதா' என்று கேட்கும். 40 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் சுமார் 6 சுற்றில் ஒன்றைச் சுட்டிவிடும்.

ஏற்கெனவே கலைந்த கோப்பை மீட்க, சேவ் ஆனவுடன் ஒருமுறை அன்டூ செய்து, ஃபார்மட் இல்லாத சேவ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வடிவ மாற்றம் தேவைதான் என்று குழு முடிவுசெய்தால் அதைத் தனிக் கமிட்டாக வையுங்கள். அதன் ஹாஷை கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் கோப்பில் எழுதி, கிட் கான்ஃபிகில் 'பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்' அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டினால், ஒரு வரியை உண்மையில் எழுதியவர் யார் என்பதை பிளேம் தொடர்ந்து சரியாகச் சொல்லும். இதற்கு கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.