மணலுக்குள் மாட்டும் களி: ஒரு போத்தல் பரிசோதனை

ஒக்டோபர் மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் களனி கங்கை பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரைத்தான் அம்பத்தலேயில் எடுத்துத் தெளியவைத்து, மணலில் வடித்து, கொழும்புக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். மணல் எப்படி வடிக்கிறது என்று கேட்டால் "அரிதட்டு மாதிரித்தான்" என்பார்கள். அது பாதிப் பதில்கூட இல்லை. மீதியை வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குசினி ஒன்றிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் களித்தண்ணீர். சட்டி பானை செய்யும் களிமண் ஒரு கைப்பிடியை ஒரு வாளி மழைத்தண்ணீரில் நன்றாகக் கரைத்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். 8 மணி நேரத்தில் 2 மைக்ரோமீற்றருக்கு (ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் 10 சென்ரிமீற்றராவது கீழே இறங்கிவிடும். விடிந்ததும் மேலிருந்து 10 சென்ரிமீற்றர் வரைக்கும் மெதுவாக அள்ளுங்கள். அந்தக் கலங்கல் முழுவதும் நுண்களி. குழாய்த்தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கும், அதனால் மழைத்தண்ணீர்தான் வேண்டும்.

அடுத்தது போத்தல். 1.5 லீட்டர் சோடாப் போத்தலின் அடியை வெட்டுங்கள். மூடியில் சூடான ஆணியால் ஒரு துளை போட்டு, உள்ளே பழைய வேட்டித் துணி ஒரு மடிப்பு வைத்துத் திருகிக் கவிழ்த்து நிறுத்துங்கள். ஆற்று மணலைத் தேத்தண்ணி வடியில் சலித்து, கழுவிய தண்ணீர் கண்ணாடி போல வரும்வரை கழுவுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதன் உப்பும் சிப்பித்தூளும் கணக்கைக் குழப்பும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காய்ந்த மணலைக் கொட்டிப் பிறகு தண்ணீர் ஊற்றினால் காற்றுக்குமிழ்கள் உள்ளே சிக்கிவிடும், தண்ணீர் போத்தல் சுவரோரமாகவே வழிந்து ஓடிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. துளையை விரலால் அடைத்து, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, ஈர மணலைக் கரண்டி கரண்டியாக இட்டுத் தட்டித் தட்டி 15 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள்.

தெளிவை அளக்க ஒரு பழைய பத்திரிகைத் தாள் போதும். கண்ணாடிக் குவளையை எழுத்தின் மேல் வைத்து, மேலிருந்து பார்த்தபடி அளக்கவேண்டிய தண்ணீரை ஊற்றுங்கள். எழுத்து மறையும் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனிக் களித்தண்ணீரை மணலில் ஊற்றுங்கள். முதலில் வருவது மணலுக்குள் முன்னமே இருந்த தண்ணீர், அதை விட்டுவிடுங்கள். பிறகு வருவது ஏறக்குறைய ஊற்றியபடியே கலங்கலாக வரும். அரை மில்லிமீற்றர் மணல்மணிகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய வாய் ஏறத்தாழ 75 மைக்ரோமீற்றர். 2 மைக்ரோமீற்றர் களிக்கு அது அரண்மனை வாசல்!

அடுத்த ஒரு லீட்டரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கலக்கி, உடனே ஊற்றுங்கள். தாமதித்தால் களி வாளியிலேயே திரண்டு படியும். அது மணலின் வேலை அல்ல. இப்போது குவளையில் எழுத்து முன்னைவிட ஆழத்திலும் தெரியும்.

வாசல் மாறவில்லை, மனம்தான் மாறியது. மணலும் களியும் தண்ணீரில் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளுகையின் எல்லையைச் சுருக்கிவிடும். கிட்ட நெருங்கிய துகளை அணுக்களின் ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும். நெருங்குவதுதான் பெரும்பாடு. மிகச் சிறிய துகள் அலைந்து திரிந்து மணியில் முட்டும். பெரிய துகள் பாரத்தில் இறங்கி முட்டும். சுமார் 1 மைக்ரோமீற்றர் துகளுக்கு இரண்டும் குறைவு, அதனால் அதைப் பிடிப்பதுதான் மிகக் கடினம். இதை 1971இல் யாவ், ஹபீபியன், ஓமெலியா என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பல பக்ரீரியாக்களின் பருமனும் அவ்வளவுதான் என்பதால், இந்தப் போத்தலில் வடித்ததைக் குடிக்கவே கூடாது.

கடைசியாக, அதே மணலில் வெறும் மழைத்தண்ணீரை மெதுவாக விடுங்கள். உப்பு கழுவப்பட்டதும், மாட்டியிருந்த களியில் ஒரு பங்கு மேகம் போல வெளியே வரும். எனக்கு இந்தப் பரிசோதனையில் மிகவும் பிடித்த கணம் அதுதான். நிலத்தடியில் ஒட்டிக்கிடந்தவை மழைக்குப் பிறகு கிணற்றுக்கு நகர்ந்து வரக்கூடிய வழிகளில் ஒன்றை அங்கே கண்ணாலேயே காணலாம்.

புது மணலை இட்டு, உப்புக்குப் பதிலாகச் சிட்டிகை படிகாரம் கரைத்து இன்னொரு தடவை செய்யுங்கள். மழைத்தண்ணீரை விட்டதும் எவ்வளவு களி திரும்ப வருகிறது என்று, உப்புத் தடவையில் மேகம் போல வந்த தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.