வெளிக்கடை ஆயில் ஃபில்டர் போட்டால் வாரண்டி போகுமா? வாங்குவது, மாட்டுவது, ஆதாரம் வைப்பது

"வெளியில ஃபில்டர் மாத்திட்டீங்களா? அப்ப வாரண்டி கிடையாது சார்." சர்வீஸ் சென்டர் கவுன்டரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மை, பாதி மிரட்டல். எந்தப் பாதி எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் மேலே பேச முடியும்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது வழக்கு. வெளியில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. விஷயம் அதோடு முடியவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே கவுன்டரில் அந்த உத்தரவைக் காட்டினால் உடனே வழிக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதிலுள்ள வாதம் வலுவானது. ஏசி கம்ப்ரசர் போனதற்கும் ஆயில் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தைரியமாகக் கேட்கலாம். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இன்ஜின் ஜாம் ஆனால் மட்டும் ஃபில்டர் பேச்சு நியாயமாகவே வரும்.

யூடியூபில் "எந்த பிராண்டு போட்டாலும் வாரண்டியைத் தொட முடியாது" என்று அடித்துச் சொல்பவர்கள் பலரும் 1975-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றை வைத்துப் பேசுகிறார்கள். குறிப்பிட்ட பிராண்டு பாகத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போட அங்கே தடை உண்டு. நம் ஊர் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

முதலில் ஒரு வெளிப்படையான அபிப்பிராயம். பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஒரிஜினல் ஃபில்டரே இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாரண்டி ஓடும் காலத்தில் ஐம்பது நூறு மிச்சம் பிடிக்க வெளி ஃபில்டருக்குப் போவது வீண் வேலை. சர்வீஸ் சென்டர் வெகு தூரத்தில் இருக்கிறது, ஒரிஜினல் ஸ்டாக் இல்லை, இரண்டு சர்வீசுக்கு நடுவில் ஒரு ஆயில் சேஞ்ச் கூடுதலாகச் செய்ய ஆசை, இப்படி ஏதாவது காரணம் இருந்தால் மேலே படியுங்கள்.

படி 1: வாரண்டி புத்தகத்தில் மூன்று இடங்கள்

காரோடு வந்த புத்தகத்தை எடுத்து "வாரண்டிக்குள் வராதவை" என்ற பகுதியைத் தேடுங்கள். பாகத்தைப் பற்றி ஒரு நிபந்தனை இருக்கும், வேலை செய்யும் இடத்தைப் பற்றி வேறொன்று இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரிஜினல் ஃபில்டரையே வாங்கி வீட்டில் மாட்டினாலும் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்யவில்லை" என்ற நிபந்தனையில் மாட்டலாம். மூன்றாவது, சர்வீஸ் கெடு: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. மாதக் கணக்கை மறந்து தவறவிடுவோர் நிறைய பேர்.

இலவச சர்வீஸ்களையும் அட்டவணைப்படியான சர்வீஸ்களையும் சர்வீஸ் சென்டரிலேயே முடித்துவிடுங்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனைகள் பெரும்பாலும் இன்னும் கறாராக இருக்கும். அதையும் தனியாகப் படியுங்கள்.

படி 2: கார் பெயர் சொல்லி வாங்காதீர்கள்

"ஸ்விஃப்ட் ஃபில்டர் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதில்தான் முதல் தப்பு. பழைய ஸ்விஃப்டில் 1.3 டீசலுக்கு உள்ளே வடிகட்டும் காகிதத்தை (எலிமென்ட்) மட்டும் மாற்றும் வகை, பெட்ரோலுக்கு முழு டப்பாவாகத் திருகும் வகை. பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய சர்வீஸ் பில்லில் அந்த எண் இருக்கும். ஃபில்டர் கம்பெனியின் கேட்டலாக்கில் அதற்கு இணையான எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

"அளவு ஒண்ணுதான், மாட்டிக்கும்" என்று கடைக்காரர் நீட்டும் மாற்று ஃபில்டரை வாங்க வேண்டாம். காரணம் மரை. கார் ஃபில்டர்களில் அதிகம் புழங்கும் மரைகளில் இரண்டு, எம் 20 × 1.5 மற்றும் முக்கால் அங்குலம் 16 (அங்குலத்துக்கு 16 மரை). முதலாவதன் விட்டம் 20 மில்லிமீட்டர், இரண்டாவது 19.05. மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டருக்கும் 1.59-க்கும்தான் வித்தியாசம். எம் 20 ஃபில்டரை முக்கால் அங்குல ஸ்டட்டில் (இன்ஜினில் ஃபில்டர் திருகும் மரைத் தண்டு) வைத்தால் லொடலொடவென்று ஏறும், கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் தொட்டதும் இறுகியது போலவும் தெரியும். பிடித்திருப்பது மரையின் நுனி மட்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷர் ஏறும்போது ஃபில்டர் கழன்று ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டலாம். அந்தச் சேதத்துக்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது, கேட்பதிலும் நியாயமில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அளவும் உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ வடிகட்டாமலே ஆயிலை உள்ளே விட ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். அது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், ஏறக்குறைய 0.6 முதல் 1.5 பார் வரை. தேவைக்குக் குறைந்த அழுத்தத்தில் திறந்தால் அழுக்கு ஆயில் அடிக்கடி பேரிங்குக்குப் போகும். இதைக் கடையில் நின்று சோதிக்க வழியில்லை. கேட்டலாக் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

படி 3: கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

டப்பாவைக் கவிழ்த்து வாயைப் பாருங்கள். நடுவில் மரைத் துளை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள். அந்தச் சின்னத் துளைகளுக்குள் ரப்பர் சவ்வு தெரியும். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் ஃபில்டரிலிருந்து வடிந்துவிடாமல் தடுப்பது அதுதான். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய் உடனே திரும்பி வர வேண்டும். அட்டை போல விறைப்பாக இருந்தாலோ, ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தாலோ வேண்டாம். அது சரியில்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும். ஆயில் மேலே போய்ச் சேரும்வரை டைமிங் செயினும் வால்வும் காய்ந்து ஓடும் சத்தம் அது. ஆரஞ்சு நிறம் என்றால் சிலிக்கான், கறுப்பு என்றால் சாதா என்பார்கள். நிறம் போட்டுவிடுவது யாருக்கும் எளிது, விரலுக்குத் தெரியும் மென்மையை நம்புங்கள்.

காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே எலிமென்ட் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளி கேஸ்கெட் பள்ளத்தில் ஒரே சீராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

டூப்ளிகேட் பிரச்சினை பெரும்பாலும் ஒரிஜினல் என்று விற்கும் பெட்டிகளில்தான். தயாரித்தவர் முகவரி, மாதமும் வருடமும், அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாக எண் பெட்டியில் இருந்தால் போதாது, டப்பா மேலும் அழியாத அச்சில் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மாலே, பாஷ், மான்-ஹம்மல் போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள். ஆகவே நல்ல வெளி ஃபில்டர் போலி ஒரிஜினலைவிட ஆயிரம் மடங்கு மேல்.

"10 மைக்ரான் ஃபில்டர்" என்ற விளம்பரம் தனியாக எதையும் சொல்லாது. பத்து மைக்ரான் துகளில் எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. இதை அளக்கும் சோதனை ஐஎஸ்ஓ 4548-12. ஃபில்டருக்குள் போகும் துகள் எண்ணிக்கையை வெளியே வருவதால் வகுத்தால் வருவது பீட்டா. பீட்டா 2 என்றால் பாதியைப் பிடிக்கும், பீட்டா 20 என்றால் 95 சதவீதம், பீட்டா 75 என்றால் ஏறக்குறைய 98.7 சதவீதம். இந்த எண்ணைப் பெட்டியிலோ இணையதளத்திலோ போடும் கம்பெனிக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

படி 4: மாட்டுவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, கட்டாயம் ஸ்டாண்ட் வேண்டும். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வடியட்டும். பிளக்குக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷரே போதும் என்று நசுங்க நசுங்க முறுக்கினால் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில் (சம்ப்) மரை போகும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் முதல் வேலை, அதன் கேஸ்கெட் அதோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது. சில சமயம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று நின்று, பிரஷர் ஏறியதும் பிதுங்கி ஆயில் பீய்ச்சும். பரப்பை நூல் விடாத துணியால் துடையுங்கள்.

புது கேஸ்கெட்டில் விரலால் புது ஆயிலைத் தடவி, ஃபில்டரைக் கையால் திருகுங்கள். கேஸ்கெட் தொட்ட இடத்திலிருந்து பெரும்பாலும் முக்கால் சுற்று. டப்பா மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஃபில்டர் ஸ்பேனர் கழற்றத்தான், இறுக்க அல்ல. எலிமென்ட் மட்டும் மாற்றும் வகையில் பெட்டியோடு வரும் ஓ-ரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். மூடியை இறுக்கும் அளவு பல கார்களில் 25 நியூட்டன் மீட்டர், மூடி மேலேயே அச்சிட்டிருக்கும்.

கையேட்டில் ஆயில் அளவு இரண்டு விதமாக இருக்கும்: ஃபில்டர் மாற்றினால் இவ்வளவு, மாற்றாவிட்டால் இவ்வளவு. முதலாவதை எடுத்து, அதில் கால் லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு ஐந்து விநாடிக்குள் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடும்போதே குனிந்து கசிவு பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். அதிகமானால் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

படி 5: ஆதாரம்

வாரண்டியைப் பொறுத்தவரை ஸ்பேனர் வேலையைவிட இது முக்கியம். கடைக்காரரிடம் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் பாக எண்ணும் உங்கள் வண்டி நம்பரும் எழுதச் சொல்லுங்கள். பில்லில் பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், ஆயில் ஃபில்டருக்கு 8421-இல் தொடங்கும். துண்டுச் சீட்டில் "ஃபில்டர் 1" என்று கிறுக்கித் தருவது எதற்கும் உதவாது. வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஃபில்டரின் பாக எண், ஆயில் கேனின் கிரேடும் பேட்ச் எண்ணும், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைப் படம் எடுங்கள். கையேடு 0டபிள்யூ-20 (0W-20) என்ற ஆயில் கிரேடைச் சொல்லும் இடத்தில் வேறு கிரேடு ஊற்றியிருந்தால், ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் வாதம் அங்கேயே தோற்றுப்போகும். பெட்டியின் எண் உள்ள அட்டையைக் கிழித்து வாரண்டி புத்தகத்தில் செருகுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை வடித்து, ஜிப் பையில் போட்டு, அடுத்த ஆயில் சேஞ்ச் வரை வையுங்கள்.

படி 6: இன்ஜின் பழுதாகி, வாரண்டி மறுத்தால்

ஆயில் விளக்கு எரிந்தாலோ தட்டும் சத்தம் வந்தாலோ ஓட்டாதீர்கள், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். "விளக்கு எரிந்தும் ஓட்டினார்" என்பது ஃபில்டரைவிட வலுவான மறுப்புக் காரணம். டோ வண்டி வருவதற்குள் டிப்ஸ்டிக் அளவைப் படம் எடுத்துவிடுங்கள்.

ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "ஃபில்டரை என் முன்னால் கழற்றுங்கள், தூக்கிப் போடாமல் என்னிடம் தாருங்கள்" என்று அதிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முழு விவகாரத்திலும் பேசப்போகும் சாட்சி அந்த டப்பாதான்.

அதை ஹாக்சாவால் அறுக்க விடாதீர்கள். இரும்புத் தூள் உள்ளே விழுந்து, எது இன்ஜினிலிருந்து வந்தது, எது அறுத்ததில் வந்தது என்றே தெரியாமல் போகும். ஃபில்டர் கட்டரால் விளிம்பில் வெட்டி, காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். நடுக் குழாய் நசுங்கியிருந்தாலோ, மடிப்பு கிழிந்திருந்தாலோ, கேஸ்கெட் பிதுங்கியிருந்தாலோ பழி ஃபில்டர் மேல்தான். அப்போது கார் கம்பெனியோடு சண்டை போடுவதில் பயனில்லை. பில்லோடு ஃபில்டர் கம்பெனியைப் பிடியுங்கள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைபாட்டால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. மடிப்பு முழுசாக இருந்து, அதில் செம்பு நிறத்தில் பளபளக்கும் செதில்கள் சிக்கியிருந்தால், பேரிங் தேய்ந்த துகளை ஃபில்டர் பிடித்திருக்கிறது, தன் வேலையைச் செய்திருக்கிறது. காரணத்தை வேறிடத்தில் தேடச் சொல்லுங்கள். கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் ஆயில் மாற்றும் கெடுவைப் பற்றிக் கேட்பார்கள். படி 5-இன் பில்களை எடுக்க வேண்டிய இடம் அது.

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள், ஃபில்டர் எப்படி இந்தப் பழுதை உண்டாக்கியது என்று இரண்டையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பல விஷயங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கட்டணமும் கொடுத்த விலையை வைத்துத்தான்: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனியோடு மின்னஞ்சல் போய் வந்துகொண்டிருப்பதாலேயே இந்தக் கெடு நீளாது.