பவளத்தின் வேதியியலில் பழைய கடலைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். குப்பியில் பெயர் எழுத மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். எண்கள் அழகாக வந்த பிறகும் உள்ளே ஒளிந்திருக்கும் தவறுகளே என் கவலை.

எக்ஸ் கதிர் சோதனையில் தேறியதும் நிம்மதி அடைவது

பவளம் தன் எலும்புக்கூட்டை அரகோனைட்டால், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவத்தால், கட்டுகிறது. நீர் ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தால், அந்த எலும்புக்கூட்டிலுள்ள ஸ்ட்ரான்சியம்-கால்சியம் விகிதம் ஒரு மோல் கால்சியத்துக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமோல் குறைகிறது. மொத்த விகிதம் 9-ஐ ஒட்டியது என்பதால், நாம் தேடும் மாற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உயிருள்ள திசு மேலே நகர்ந்த பின், கைவிடப்பட்ட துளைகளில் கடல்நீரே அரகோனைட் ஊசிகளைப் படியவைக்கும். அவற்றில் ஸ்ட்ரான்சியம் கூடுதல் என்பதால் பழைய கடல் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். படிக வகையை அடையாளம் காணும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை, கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு வடிவமான கால்சைட்டைக் காட்டிக்கொடுக்குமே தவிர, அரகோனைட்டுக்குள் கலந்த அரகோனைட்டை அதனால் பிரித்தறிய முடியாது.

போரைட்டிஸ் என்ற பவள இனத்திலிருந்து துளைத்தெடுத்த ஓர் உருளையில் "தூய அரகோனைட்" என்ற முடிவை நம்பி, அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி வலுவான வெப்பமேற்றத்தைக் கண்டு மகிழ்ந்தேன். நீர் குளிர்ந்தால் எலும்புக்கூட்டில் கனமான ஆக்சிஜன்-18 கூடும்; அந்த ஆக்சிஜன் ஐசோடோப்பும் அதையே சொன்னது. ஊசிகள் ஆக்சிஜன்-18-ஐயும் கூட்டுவதால், ஒரே பொய்யை இரண்டு சாட்சிகள் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கட்டுரையைப் பாதி எழுதிய பிறகு, நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அடிப்பகுதித் துளைகள் முழுவதும் ஊசிகள்! ஓராண்டு உழைப்பு வீண். இன்றும் எரிச்சலாக இருக்கிறது. ஆகவே அளவீட்டைத் தொடங்கும் முன்பே, உருளையின் பல இடங்களிலிருந்து, குறிப்பாக மிகப் பழைய பகுதியிலிருந்து, சில்லுகள் எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள்.

வளர்ச்சி அச்சை விட்டு விலகி மாதிரி எடுப்பது

பவளம் எந்தத் திசையில் வளர்ந்தது என்பதைப் படத்தில் பார்த்துத்தான் துளைக்க வேண்டும்: முதலில் எக்ஸ் கதிர்ப் படம், பிறகுதான் துளைக்கருவி.

விகிதத்தை வெப்பநிலையாக மாற்றும் பிறர் சமன்பாட்டைக் கண்மூடி எடுத்தாள்வது

அருகருகே வளர்ந்த இரு போரைட்டிஸ் கூட்டங்களே ஒரே நீரில் வெவ்வேறு விகிதம் காட்டும்.

ஆக்சிஜன் ஐசோடோப்பை வெறும் வெப்பமானியாக வாசிப்பது

மத்தியப் பசிபிக்கில் எல் நினோவின்போது நீரும் வெப்பமடைகிறது, மழையும் கூடுகிறது. இரண்டுமே ஆக்சிஜன்-18-ஐக் குறைக்கின்றன. மழையின் பங்கைக் கழிக்காமல் வெப்பநிலை கணக்கிட்டால், எல் நினோ நடந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். அதே துகளில் ஸ்ட்ரான்சியத்தையும் அளந்தால்தான் இரண்டையும் பிரிக்க இயலும், அதுவும் அந்தத் துகளில் ஊசிகள் இல்லை என்று உறுதியான பின்.