ஹோல்டெம் போக்கரில் ஃப்ளஷுக்காகக் காத்திருக்கலாமா? கணக்குப் போடும் முறை

ஃப்ளஷ் என்றால் ஒரே இனத்துச் சீட்டு ஐந்து. கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 8. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 5, டைமன் 2. இஸ்பேட் மொத்தம் 13, நான்கு கண்ணில் பட்டாயிற்று, மீதி 9. இவைதான் உங்கள் ‘அவுட்’கள், அதாவது வந்தால் ஃப்ளஷை முடித்துத் தரும் சீட்டுகள். இன்னும் பார்க்காத சீட்டு 47.

அவுட்டை 2-ஆல் பெருக்கினால் அடுத்த ஒரு சீட்டில் கிடைக்கும் வாய்ப்பு தெரியும்: 18 சதவீதம் (சரியான கணக்கு 19.1). 4-ஆல் பெருக்கினால் டர்ன், ரிவர் (மேசையில் அடுத்து வரும் நான்காவது, ஐந்தாவது சீட்டு) இரண்டுக்கும் சேர்த்து 36 (சரியாக 35). பலர் சறுக்குவது இங்கேதான். ஆல்-இன் ஆகி (இருக்கும் சிப் எல்லாம் வைத்து), இனி பந்தயமே இல்லை என்றால் மட்டும் 4. இல்லையென்றால் டர்னில் மறுபடி காசு கேட்பார்கள், 2-தான் சரி.

இனி பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை. அதில் 100 சிப் இருக்க, எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200. உங்கள் பங்கு 25 சதவீதம்; வெல்லும் வாய்ப்பு அவ்வளவாவது இருந்தால்தான் கட்டுபடியாகும். கையில் இருப்பதோ 19. ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் சிப் கறக்க முடியும் என்று தோன்றினால் தொடருங்கள், இல்லையேல் மடக்கிவிடுங்கள்.

எல்லா அவுட்டும் சுத்தமானவை அல்ல. இஸ்பேட் 2 வந்தால் உங்களுக்கு ஃப்ளஷ்தான், ஆனால் மேசையில் 2 ஜோடியாகிவிடும். மூன்று ராஜா வைத்திருப்பவருக்கு அது ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்றும் ஒரு ஜோடியும்), ஃப்ளஷை வென்றுவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் 9-ஐ 8 என்றே எண்ணுங்கள். ஃப்ளஷுக்கும் இருபக்க ஸ்ட்ரெய்ட்டுக்கும் (தொடர்வரிசையில் ஐந்து சீட்டு, எந்த முனையிலும் நிறையலாம்) சேர்ந்தே காத்திருந்தால் 9+8=17 அல்ல, 15; இரண்டு சீட்டு இரண்டிலும் வருகின்றன.